தீர்ப்பின் பாதியை மட்டும் காட்டுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முருகன் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கிற, எது யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்த திருப்பரங்குன்றம் மலை பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த செய்தியில் ‘வரலாற்று ஆர்வலர்’ என்று ஒருவருடைய கருத்தைப் போட்டிருந்தீர்கள். அவர் ஒரு மத அமைப்பின் பொறுப்பாளர். அந்த அமைப்பின் யூடியூப் சேனலில் தவறாமல் பேசுகிறவர். திருநகரில் குடியிருக்கும் எங்களுக்கு அது தெரியும். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பேப்பர் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அமைப்பின் பெயரை ஒரே ஒரு வார்த்தையில் சேர்த்திருந்தால் படிப்பவர் அதற்குத் தகுந்தபடி எடுத்துக்கொண்டிருப்பார்.

நான் நீதிமன்றத்தில் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சான்றிட்ட நகல் கொடுப்பதற்கு முன் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். கமா, அடைப்புக்குறி, சொத்து விவரத்தில் இருக்கிற சர்வே எண், நான்கு எல்லை எல்லாமே வாசிக்கப்படும். ஒரு வரி விட்டுப்போயிருந்தால் கையெழுத்து விழாது. அந்த ஒரு வரியில்தான் யாரோ ஒருவருடைய வீடோ வரப்போ இருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. கைபேசியில் ‘கோர்ட் தீர்ப்பு’ என்று எது வந்தாலும் மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

மலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் தேவஸ்தானம் தொடுத்த வழக்கில் மதுரை சார்பு நீதிமன்றம் 1923 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. குடியிருப்பு, பட்டா நிலங்கள் போக, மலை கோயிலுக்குச் சொந்தம். நெல்லித்தோப்பு, அங்கே உள்ள புது மண்டபம், அங்கிருந்து பள்ளிவாசலுக்கு ஏறும் படிக்கட்டு, பள்ளிவாசலும் கொடிமரமும் இருக்கிற உச்சிப்பாறை ஆகியவை முஸ்லிம் தரப்புக்கு. இடையில் சென்னை உயர் நீதிமன்றம் இதை மாற்றியது. 1931-ல், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சார்பு நீதிமன்றத் தீர்ப்பையே திரும்ப நிலைநிறுத்தியது. கோயிலுக்கு உள்ளதும் பள்ளிவாசலுக்கு உள்ளதும் ஒரே தீர்ப்பாணையில் அடுத்தடுத்து இருக்கின்றன.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒரு வீடியோவில் அந்தப் பக்கத்தை ஸ்கேன் எடுத்து, வரிகளுக்கு மஞ்சள் அடித்துக் காட்டினார்கள். மலை கோயிலுக்குச் சொந்தம் என்பது வரை மஞ்சள். விதிவிலக்குகள் ஆரம்பிக்கிற இடத்தில் படத்தையே வெட்டியிருந்தார்கள். சில நாள் கழித்து, இன்னொரு மதத்து அமைப்பு வெளியிட்ட படம் வேறொரு குழு வழியாக வந்தது. அதில் நெல்லித்தோப்பும் படிக்கட்டும் மட்டும்தான். மீதி மலை யாருக்கு என்ற வரியைக் காணோம். இரண்டிலும் இருந்த எழுத்து அத்தனையும் உண்மை. பார்த்தவர்கள் மனதில் பதிந்ததுதான் பொய். முதல் வீடியோ வந்த வாரம், எங்கள் தெருப் பெண்கள் சிலர் வழக்கமாக ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பாய் கடைக்குப் போகவில்லை. அவருக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?

2025 ஜூனிலும் இப்படித்தான் நடந்தது. இதே மலை தொடர்பான வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு விதமாக மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். அப்படியென்றால் வழக்கு முடியவில்லை, மூன்றாவது நீதிபதிக்குப் போகும். ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் ‘நமக்கே வெற்றி’ என்று இரண்டு தரப்புப் படங்களும் எனக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நீதிபதி சொன்னது மட்டுமே இருந்தது. அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தீர்ப்புச் சொன்ன பிறகும் ஜூன் மாதப் படங்களை அவர்கள் நீக்கவில்லை, கீழே ஒரு குறிப்புகூடச் சேர்க்கவில்லை. அதே மலையில் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன, பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. நான் பார்த்த எந்தத் தரப்பு வீடியோவிலும் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

மத அமைப்புகள் நடத்தும் இதழ்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயில் நில ஆக்கிரமிப்பு, கபர்ஸ்தான் சுவர் இடிந்து கிடப்பது, கல்லறைக்குப் பாதை இல்லாதது போன்றவற்றை முதலில் எழுதுவது பெரும்பாலும் அவர்கள்தான். பெரிய பத்திரிகைகள் அந்தப் பக்கம் பிறகுதான் வருகின்றன. அவர்கள் எழுதுவது பிராது மாதிரி. பிராதில் உண்மை இருக்கலாம், நியாயமும் இருக்கலாம். ஆனால் பிராதை எடுத்து அதன்மேல் தீர்ப்பு என்று முத்திரை குத்தித் தர முடியாது. தங்கள் மதத்தவர் மீது நடந்ததாக அமைப்புகள் சொல்லும் தாக்குதல் கணக்குகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளை எண்ணி ஆண்டறிக்கை போடும் அமைப்புகள் உண்டு. அழைத்தவர்களின் துயரம் உண்மையாக இருக்கும். ஆனால் எத்தனை அழைப்பு எஃப்ஐஆர் ஆனது, கோர்ட்டில் என்ன ஆனது என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிற அறிக்கையை நான் நம்பிப் படிக்கிறேன்.

அச்சிட்ட இதழில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்பது 1867-லேயே சட்டம். அதனால் எந்த மதத்து இதழாக இருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரியும். எனக்கு வரும் வீடியோக்களில் அதுவும் இல்லை. கடைசியில் நன்கொடைக்கு ஒரு க்யூஆர் கோடு இருக்கும், அந்தப் பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று இருக்காது. பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம் என்றால், அதன் வரம்பு அச்சு ஊடகத்தோடு சரி.

ஒருவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நான் முதலில் பார்ப்பது அவர் திருத்தம் போடுகிறாரா என்பதைத்தான். தீர்ப்பைப் பாதியாக வெளியிட்ட இரண்டு இடங்களுக்கு, விடுபட்ட வரிகளை எடுத்தெழுதி அனுப்பினேன். ஒரு சேனலில் என் பதிவை நீக்கிவிட்டார்கள். ஒரு சின்ன மாத இதழ், அதுவும் ஒரு மத அமைப்புடையதுதான், அடுத்த இதழில் விடுபட்ட பகுதியை முழுதாகப் போட்டு வருத்தமும் தெரிவித்தது. எது எந்த மதம் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புவார்கள். அந்த மாத இதழின் கொள்கை எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அதில் வரும் தகவலை இப்போது மதித்துப் படிக்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. மத அமைப்பில் பொறுப்பில் இருப்பவர் கருத்தைப் போடும்போது ‘ஆர்வலர்’, ‘ஆய்வாளர்’ என்று மட்டும் போடாமல் அமைப்பையும் பொறுப்பையும் சேர்த்துப் போடுங்கள். எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி போடுங்கள். அமைப்பு அனுப்பும் செய்திக் குறிப்பில் இருக்கிற தீர்ப்பு வரிகளை அப்படியே எடுக்காமல், உத்தரவுப் பகுதியை முழுமையாக வெளியிடுங்கள். மாறுபட்ட தீர்ப்பு என்றால் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கு எண்ணையும் தேதியையும் செய்தியின் அடியில் தாருங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை இப்போது இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். எண் இருந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நகல் பிரிவு ஊழியர் (ஓய்வு),
திருநகர், மதுரை.