டாலர் விலையை நம்பி ஏமாற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் பங்களா கைமாறும்போது சில சமயம் பரணிலிருந்து வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி ஒன்று இறங்கும். உடனே யாராவது போனில் தேடி, அமெரிக்காவில் இது இத்தனை ஆயிரம் டாலர் என்று சொல்லிவிட, வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அந்த விலை நமக்குப் பொருந்தாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்பதை விஷயம் தெரிந்தவர் பார்த்து உறுதி செய்யட்டும். அப்புறம், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ரகமாக இருந்தால் அது எப்படித் திறக்கிறது என்று கவனியுங்கள். டிரிகருக்குக் கீழே உள்ள லீவரை இறக்கும்போது குழாய்க்குப் பின்னாலுள்ள இரும்புக் கட்டையின் முன்பக்கம் கீழே சாய்ந்து, சுடும்போது அடிக்கும் சுத்தியலும் வெளியே இல்லாவிட்டால், பெரும்பாலும் அது மார்ட்டினி ரகம். பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி ஹென்றியை ஏற்றது 1871-ல். சுத்தியல் வெளியே இருந்து, தோட்டா போடும் இடத்து மூடி வலது பக்கமாக மடங்கித் திறந்தால் அதற்கு முந்தைய ஸ்னைடர். மார்ட்டினியின் வலது பக்க இரும்பில் கிரீடம், விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்து, செய்த இடம், வருஷம் எல்லாம் பொறித்திருக்கும். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த நகல்களும் உண்டு, அவற்றில் எழுத்து தலைகீழாகவோ கோணலாகவோ நிற்கும், சிலவற்றில் வி.ஆர். என்று போட்டு 1901-க்குப் பிந்தைய வருஷமும் இருக்கும். மகாராணிதான் 1901 ஜனவரியிலேயே போய்விட்டாரே!

இந்த மலை ஈரத்துக்குத் துரு ஏறத்தான் செய்யும். அதற்காகப் பித்தளை அண்டா மாதிரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தப் பொறிப்பு போய்விடும், வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

சரி, விலைக்கு வருவோம். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம் 45-வது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அது செல்லும். நல்ல நிலையில் இருக்கிறது என்று பெருமைப்படும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஒருவர் கைக்கு வந்தால் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், தாத்தாவுடையது என்பதெல்லாம் அப்புறம்தான். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் விடாது. வாங்க சட்டப்படி தகுதியுள்ள ஆள் இங்கே குறைவு, அப்புறம் டாலர் விலை எங்கிருந்து வரும்? ஹோம்ஸ்டே ஹாலில் அழகுக்கு மாட்டி வைப்பவர்களுக்கும் இந்த லைசென்ஸ் விதி பொருந்தும்.

மாவட்ட நிர்வாகம் ஒரு காரியம் செய்யலாம். அருங்காட்சியக அலுவலரையும் போலீஸாரையும் சேர்த்து ஊட்டியில் வருஷத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டு, பயமில்லாமல் வந்து விவரம் சொல்லுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம் என்று அறிவித்தால், பரணிலேயே துருப்பிடிப்பதில் பாதியாவது வெளியே வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி