மத்தளக்காரனைப் பற்றி ஒரு கடிதம்

முள்ளியவளை
பங்குனி

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். காலபோக வெள்ளாமை சுமார்தான், கடன் கட்ட மிஞ்சும். அக்கா அனுப்பிய மருந்து கைக்கு வந்தது. பேத்தியின் படமும் பார்த்தோம். மூக்கு உன்னுடையது, பாவம் பிள்ளை. தைப்பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் நீ. ஸ்காபரோவில் பேனை மையும் உறைந்துவிடுமோ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வளவில் கோவலன் கூத்துப் பழகுகிறோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்த கையோடு மேடையேற்ற எண்ணம். மத்தளம் யார் தெரியுமா? சின்னவன். ஓம், குளத்தில் உன் சறத்தை ஒளித்துவிட்டு ஓடினானே, அதே சின்னவன்.

புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தபின் அவன் எப்படி இருந்தான் என்று உனக்குத் தெரியும். மேசன் வேலைக்குப் போவான், வருவான், படலையைச் சாத்துவான். ஒரு கலியாண வீட்டுக்கும் வந்ததில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு அந்த முகாம்கள் வழியாக முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர் வெளியே வந்தார்கள். தச்சும் தையலும் மேசன் வேலையும் பழக்கி அனுப்பினார்கள். கைக்குத் தொழில் கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குள் இவர்கள் எங்கே உட்காருவது என்று யாரும் யோசிக்கவில்லை. ஊரும் பயந்தது. பக்கத்தில் இருந்து கதைத்தால் நாளைக்கு வீட்டுக்கு விசாரணை வருமோ என்ற பயம். அது சும்மா வந்த பயமும் இல்லை.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார்தான் போய்க் கூப்பிட்டார். "மத்தளத்துக்கு ஆள் இல்லை, நீ சின்னனில் அடிச்சனி, வா." வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதல் இரண்டு கிழமை சின்னவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான். பிறகு ஒரு பின்னேரம் உள்ளே வந்து, பாயில் இருந்து, மத்தளத்தை இழுத்து மடியில் வைத்தான்.

பகல் முழுக்கச் சாந்துச் சட்டி தூக்கினால் பின்னேரம் அவனுடைய முழங்காலுக்குக் கீழ் வீங்கிவிடும். வந்ததும் செயற்கைக் காலைக் கழற்றிக் கொட்டில் கப்பில் சாய்த்து வைப்பான். வெட்டின இடத்தில் போடும் துணி உறையை உதறி, மடித்து, சட்டைப் பைக்குள் வைப்பான். பிள்ளைகள் ஆரம்பத்தில் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அதன்மேல் துவாயைப் போட்டுவிட்டு ஆடப் போகிறார்கள். அவனும் ஒன்றும் சொல்வதில்லை.

உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் போன வெள்ளிக்கிழமை நடந்தது. கோவலனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் கட்டம். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது மத்தளம் நின்றுவிட்டது. சின்னவனின் இரண்டு கையும் தோலின்மேல் அப்படியே கிடந்தன. பெடியள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அண்ணாவியார் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். பிற்பாட்டுக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு மத்தளம் மெல்லச் சேர்ந்துகொண்டது. எல்லாம் முடிந்ததும் சின்னவனே சொன்னான்: "அந்த இடத்தை இன்னொருக்கால் எடுப்பம்."

மச்சான், எத்தனையோ பேர் அவனிடம் வந்து "உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். ஒரு தொண்டு நிறுவனம் பட்டறை வைத்து வெள்ளைத் தாளும் கலர்ப் பெட்டியும் கொடுத்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு வீடு, ஒரு தென்னை, ஒரு சூரியன் கீறிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு எதைக் கீறுவார்கள்? கீறியதைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் யார் மேசைக்குப் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூத்தில் அந்தப் பயம் இல்லை. அழுவது கோவலன், கேள்வி கேட்பது கண்ணகி. யாரும் யாரையும் பெயர் எழுதிக்கொண்டு போக முடியாது. தன் கதையைச் சொல்லச் சொல்லி நெருக்காமல், எல்லோருக்கும் சொந்தமான ஒரு கதைக்குள் இடம் கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் இவர்களோடு பழகியதில் நான் உறுதியாக நம்புவது இது ஒன்றைத்தான்.

மகளின் போனில் வெளிநாட்டு முயற்சிகளைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 2007இல் தொடங்கிய ஒரு வேலை: போரிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் சீருடையைத் துண்டு துண்டாக வெட்டி, கூழாக்கி, கடதாசி செய்து, அதில் எழுதுகிறார்கள், படம் அச்சடிக்கிறார்கள். வாசித்தபோது மெய் சிலிர்த்தது. ஆனால் எங்கள் ஆட்களிடம் வெட்டுவதற்குச் சீருடை ஏது? 2009இல் புதைத்ததும் எரித்ததும்தானே. அங்கே அரசாங்கமும் ஊரும் "எங்கள் வீரர்கள்" என்று முன்னால் நின்று காசு கொடுக்கின்றன. இங்கே அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே இடம் பார்க்க வேண்டும். அவர்களுடைய முறையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் சரிவராது.

இன்னொன்று எங்களுக்குக் கிட்ட வருகிறது. 2008இல் இருந்து அதே அமெரிக்காவில், படையினரும் மனைவிமாரும் இருக்கும் சபை முன்னால் பழைய கிரேக்க நாடகங்களை வாசிக்கிறார்கள். அதில் ஒன்று, தானும் படைத்தலைவராக இருந்த சொபொக்கிளிஸ் எழுதிய அஜாக்ஸ். புத்தி பேதலித்து, எதிரிகள் என்று நினைத்து ஆடு மாடுகளை வெட்டிக் குவித்துவிட்டு, தெளிந்தபின் வெட்கம் தாங்காமல் தன்னையே மாய்த்துக்கொள்ளும் வீரன் அவன். அவனைத் தடுக்க மன்றாடுகிறாள் அவனோடு வாழ்ந்த பெண். வாசிப்பு முடிந்ததும் சபை கதைக்கத் தொடங்கும். போன வருடம் நாங்கள் இழந்தவனின் பெயரை இங்கே எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். அவன் மனைவியும் மன்றாடினவள்தான். அவள் இப்போது ஒவ்வொரு பின்னேரமும் கூத்துப் பார்க்க வருகிறாள். பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறாள்.

எங்களுக்குக் கிரேக்கம் தேவையில்லை. மதுரையை எரித்துவிட்டுக் கோபம் ஆறாமல் வந்தவளுக்கு, நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பெடியள் பொங்கிக் கொடுத்தார்கள் என்பதுதானே எங்கள் ஊர்க் கதை. ஏன் எரித்தாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்தக் கடலின் மறு கரையில்தான் முள்ளிவாய்க்கால். பொங்கலும், போரில் செத்தவர்களை நினைக்கும் மே 18ஆம் திகதியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலம் அது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வருடக்கணக்காகச் சொல்லிவருவதும் இதுதான்: போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது, ஆகவே ஆறுவதும் ஊராகக் கூடித்தான். மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னவன் கிளினிக்குக்கும் போகிறான், போகச் சொல்லித்தான் நானும் நிற்கிறேன்.

பிற்பாட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளும் இயக்கத்தில் இருந்தவள், தையல் மெஷினோடு தனியாக இருக்கிறாள். பெண்கள் கூத்துக்குப் பாடுவதா என்று ஒரு பெரியவர் முறுகினார். "குரல் இருக்கிறவை பாடட்டும்" என்று அண்ணாவியார் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். சின்னவனுக்காவது திரும்பி வந்தபோது ஒரு வீடு இருந்தது. அவளைப் போன்ற பெண்களை ஊர் பார்த்த பார்வை வேறு. கலியாணம் பேசப் போனால் முதலில் கேட்பதே "அங்கே இருந்தவளோ?" என்றுதான். இதில் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இனி உங்கள் ஊர்ச் சங்கம். "முன்னாள் போராளிகளின் கூத்து" என்று பதாகை கட்டி வீடியோ எடுத்து அனுப்பினால் காசு சேர்க்கலாம் என்று செயலாளர் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடு கேட்டிருக்கிறார், தெரிகிறது. ஆனால் முடியாது, நீயே அவருக்குப் பக்குவமாகச் சொல்லிவிடு. நோட்டீசில் "கோவலன் கூத்து" என்று மட்டும்தான் இருக்கும். ஆடுபவர்களில் யார் இயக்கம், யார் தோட்டக்காரன், யார் பள்ளிக்கூடப் பெடியன் என்று பார்க்கிற சனம் பிரித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்க விரும்பினால் தேவை இதுதான்: பழக வரும் நாளில் சீக்கிரம் வேலை விட்டு வருபவர்களின் அரை நாள் கூலி, இரவில் திரும்பிப் போக ஆட்டோக் காசு, மத்தளத்துக்குப் புதுத் தோல். சின்னவனின் கால் தேய்ந்துவிட்டது, செயற்கைக் கால் செய்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போய்வரவும் செலவு இருக்கிறது. கொடுப்பவர் பெயரைக் கேட்டால் சொல்வோம், மேடையில் வாசிக்க மாட்டோம்.

கடைசியாக ஒன்று, இது உன்னால் மட்டும்தான் முடியும். அண்ணாவியாரின் ஏடு இடம்பெயர்வில் போய்விட்டது. ஞாபகத்தில் இருந்துதான் சொல்லிக் கொடுக்கிறார், பாண்டியன் சபையில் சில பாட்டு அவருக்குப் பிடிபடவில்லை. உன் அப்பாவின் கொப்பி உன்னிடம் இருக்கிறது, நீ கொண்டுபோன சூட்கேசுக்குள் அதை வைத்தவனே நான். கண்ணகி சிலம்போடு வழக்குரைக்க வரும் பக்கங்களை முதலில் போனில் படமெடுத்து அனுப்பு. மங்கின எழுத்தென்றால் யன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒரு பக்கத்தை இரண்டு தரம் எடு. சித்திரை பிறக்க முதல் வந்தால் பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் கூட்டாளி