பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே அச்சிடுங்கள்

சேகரிப்புக் கார்டுகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பாக்கெட்டின் உறையில் படம் போட்ட கார்டு அந்தப் பாக்கெட்டுகளில் வைக்கப்படவே இல்லை என்று உங்களில் ஒரு நிறுவனத்துக்கு அண்மையில் நான் எழுதிய புகாருக்கு ஒரே ஒரு வரியில் பதில் வந்தது. பெரிய பெட்டியா, தனிப் பாக்கெட்டா என்ற விற்பனை வடிவத்தைப் பொறுத்து உள்ளடக்கம் மாறுபடும் என்பதுதான் அந்த வரி. யாரோ முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த வாசகம் என்பது படித்தவுடனே புரிந்தது. அதற்குமேல் தனியாக எழுதிப் பயனில்லை என்று தோன்றியதால், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன்.

பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் பாக்கெட்டுகளில் அரிதாகக் கலந்து எல்லோரையும் தேட வைப்பது சேஸ் கார்டு, ஒரு கார்டே நிறமோ விளிம்போ மாறி வந்தால் அது வேரியன்ட் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவற்றைத் திட்டமிட்டு உருவாக்குபவர்களே நீங்கள்தான். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

புதிய செட் ஒன்று வெளிவந்தது. விளம்பரம் முழுவதிலும் ஒரே கார்டுதான்: பொன்னிற ஃபாயிலில் மின்னும், வரிசை எண் இடப்பட்ட ஒரு வேரியன்ட். பெட்டியின் மீதும் அதே படம், தனிப் பாக்கெட்டின் உறை மீதும் அதே படம். பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகள் அந்தச் செட்டின் சாதாரணக் கார்டுகளை அநேகமாக முழுதும் சேர்த்துவிட்டாள். ஆல்பத்தில் அந்தப் பொன்னிறக் கார்டுக்கென்று ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தாள். முழுப் பெட்டி வாங்கும் அளவுக்கு அவளிடம் பணம் ஏது? கைச்செலவுக்குக் கொடுத்ததை மிச்சம் பிடித்து, கையில் சேரும்போதெல்லாம் ஒரு பாக்கெட், மீண்டும் ஒரு பாக்கெட் என்று மாதக்கணக்கில் வாங்கினாள். ஒவ்வொன்றையும் எந்த நாளில் பிரித்தாள், உள்ளே என்ன இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்தாள். கடைசியில், தனக்கு ராசியில்லை என்று முடிவு செய்தாள். தான் தொட்டால் வராது என்று, அடுத்த பாக்கெட்டை என்னிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள்.

அதன் பிறகுதான் உங்கள் இணையதளத்தில் வாய்ப்பு விகித அட்டவணையைத் தேடி எடுத்தேன். பல பக்கங்கள் கடந்து, பொடி எழுத்தில், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள். ஒவ்வொரு விற்பனை வடிவத்துக்கும் தனித்தனிப் பத்தி. பெரிய பெட்டிக்கான பத்தியில் அந்தப் பொன்னிற வேரியன்டுக்கு நேராக ஒரு விகிதம் இருந்தது. தனிப் பாக்கெட்டுக்கான பத்தியில் ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது. அந்தக் கோட்டுக்குப் பொருள், தனிப் பாக்கெட்டுகளில் அந்தக் கார்டு வைக்கப்படவே இல்லை என்பது. அவள் இன்னும் பத்து ஆண்டுகள் வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்காது. உறையில் படம் இருந்தது. உள்ளே வாய்ப்பு இல்லை. ராசியில்லாதவள் என்று ஒரு குழந்தை தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டதற்கு, அந்தச் சிறு கோட்டை உறையில் அச்சிட உங்களுக்கு மனம் வராததுதான் காரணம்.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. எந்தக் கார்டின் படத்தைக் காட்டி ஒரு பாக்கெட்டை விற்கிறீர்களோ, அந்தக் கார்டு அந்தப் பாக்கெட்டில் இருப்பதற்கான விகிதத்தை அதே உறையின் மீது, படிக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள். செட்டுக்குப் பொதுவான சராசரி வேண்டாம். வாங்குபவர் கையில் இருக்கும் அந்த வடிவத்துக்குரிய விகிதம் வேண்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே அச்சிடுங்கள்.

சரியான எண்ணிக்கையைச் சொல்வது கடினம் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஒரு கார்டு அரிதாவது என்பது தானாக நேர்ந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு, டி206 என்ற பழைய சிகரெட் கார்டு செட்டில் வந்தது; தன் படத்தை வெளியிட அவர் மறுப்புத் தெரிவித்து அச்சு நின்றுபோனதால் அரிதானது. டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு பேஸ்பால் செட்டில் விற்காமல் தேங்கிய பிற்பகுதிக் கார்டுகளை 1960 வாக்கில் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தச் செட்டை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டலின் கார்டு அந்தப் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதில் ஒன்றுதான் 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்படியொரு விலை வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது, யாரும் திட்டமிடவும் இல்லை. இன்றைய சேஸ் கார்டு அப்படியா? எத்தனை பிரதி, எந்தப் பெட்டியில், எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்று அச்சுக்குப் போகுமுன்பே நீங்கள் உட்கார்ந்து தீர்மானிக்கிறீர்கள். தீர்மானித்தவருக்கு எண் தெரியாமல் இருக்காது. உங்களுக்குத் தெரிந்த எண்ணைத்தான் கேட்கிறேன்.

எண்ணைச் சொன்னால் தேடலின் சுவை போய்விடும் என்பது உங்கள் அச்சமாக இருந்தால், இத்துறையின் வரலாறே அதற்குப் பதில் சொல்கிறது. 1990இல் அப்பர் டெக் நிறுவனம் பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையொப்பமிட்ட 2,500 கார்டுகளைப் பாக்கெட்டுகளில் கலந்து அனுப்பியது, எண்ணிக்கையை மறைக்கவில்லை. 1997-98 மெட்டல் யுனிவர்ஸ் கூடைப்பந்துச் செட்டின் பிரீஷியஸ் மெட்டல் ஜெம்ஸ் வேரியன்டில் ஒவ்வொரு வீரருக்கும் 100 பிரதிகள், அவற்றில் முதல் பத்து பச்சை, மீதி சிவப்பு. கார்டின் பின்புறத்திலேயே வரிசை எண் இருக்கிறது. இன்றும் அந்தப் பச்சைக் கார்டுகளுக்காக ஏங்காத கூடைப்பந்துச் சேகரிப்பாளர் உண்டா? 2023இல் மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் த ஒன் ரிங் கார்டின் ஒற்றைப் பிரதி ஒன்றை வெளியிட்டார்கள். உலகத்திலேயே ஒன்றுதான் என்றும், கலெக்டர் பூஸ்டர் எனப்படும், சேகரிப்பாளர்களுக்கான ஆங்கிலப் பாக்கெட்டுகளில் மட்டுமே இருக்கும் என்றும் முன்கூட்டியே அறிவித்தார்கள். அறிவித்ததால் ஆர்வம் குறைந்துவிடவில்லை. செய்தித்தாள்கள் வரை அந்தத் தேடல் போனது. அது இல்லாத பாக்கெட்டை வாங்கியவர்கள், இல்லை என்று தெரிந்தே வாங்கினார்கள்.

விகிதத்தை உறையில் அச்சிடும் நிறுவனங்களும் உங்களில் உண்டு. அவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த எண் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். நூறு பாக்கெட்டுக்கு ஒன்று என்று போட்டிருந்தால், நூறு வாங்கினால் ஒன்று நிச்சயம் என்றே பெரியவர்கள்கூட நினைக்கிறார்கள். தற்செயலாகக் கலந்த பாக்கெட்டுகளை நூறு பேர் ஆளுக்கு நூறு பிரித்தால், அவர்களில் ஏறத்தாழ 37 பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. இதை ஒரே வாக்கியத்தில் எளிமையாக எழுதி விகிதத்தின் கீழே சேர்க்கலாம். எச்சரிக்கை வாசகங்களுக்கும் முத்திரைகளுக்கும் இடம் கிடைக்கும் உறையில் இதற்கும் கிடைக்கும்.

திரையில் விற்கப்படும் கார்டுகளுக்கு இந்த நேர்மை எப்போதோ வந்துவிட்டது. விளையாட்டுகளில் குலுக்கல் முறையில் பொருள்களை விற்பவர்கள் விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீனா 2017 மே மாதம் முதல் விதித்தது. ஆப்பிள் நிறுவனமும் அதே ஆண்டு டிசம்பரில் தன் செயலிக் கடைக்கு அந்த விதியைக் கொண்டுவந்தது. ஜப்பான் 2012இல், குலுக்கலில் வரும் பொருள்களை முழு வரிசையாகச் சேர்த்தால்தான் அரிய பரிசு என்ற காம்ப்பு காச்சா முறையைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதற்கு அந்நாட்டு அரசின் நுகர்வோர் முகமை பயன்படுத்தியது, கார்டு சேர்க்கும் பரிசுத் திட்டங்களுக்கு எதிராக 1977இல் வந்த பழைய விதியைத்தான். காகிதத்துக்காக எழுதிய விதி திரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திரையில் வந்த ஒளிவுமறைவின்மை மட்டும் காகிதத்துக்கு முழுதாகத் திரும்பி வரவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான் என்றாலும், எழுதத் தொடங்கியபின் மற்றவற்றையும் விட்டுவிட மனமில்லை. ஒரே படத்தைச் சிவப்பு, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று விளிம்பை மட்டும் மாற்றி வரிசை வரிசையாக வெளியிடுகிறீர்கள். ஒரே வீரருக்கு, ஒரே ஆண்டில், ஒரே பிரதிதான் என்று சொல்லும் ஒன்றில் ஒன்று (1/1) என எண்ணிட்ட கார்டுகள் பல வந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? ஃபாயில் கார்டு எடை கூடும் என்பதைக் கண்டுகொண்டு, பாக்கெட்டுகளைத் தராசில் நிறுத்துக் கனமானவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியைப் பிள்ளைகளுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். எடையைச் சமன்செய்ய உள்ளே ஒரு வெற்று அட்டை வைத்தால் போதும். சில நிறுவனங்கள் அதைச் செய்தும் காட்டியிருக்கின்றன. மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? நேரலையில் பெட்டி பிரிப்பவர்களின் கூச்சலைக் கேட்டு வளரும் பிள்ளைகள், சாதாரணக் கார்டைப் பார்த்தவுடன் குப்பை என்று தள்ளிவிடப் பழகுகிறார்கள். அந்தச் சாதாரணக் கார்டுக்கும் ஓர் ஓவியர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அதன் பின்புறத்துக் குறிப்பை ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார். நான் இந்தப் பழக்கத்துக்கு வந்தது அந்தக் கார்டுகளால்தான். அவற்றை வெறும் நிரப்பியாக மாற்றிவிட்டீர்களே என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே மடலில் தீர்த்துவைக்கும்படி கேட்கவில்லை. சேஸ் கார்டுகளை நிறுத்துங்கள் என்றும் கேட்கவில்லை. தேடுவது எங்களுக்கு மகிழ்ச்சியே. கிடைக்காமல் போவதைத் தாங்கிக்கொள்ளவும் எங்களுக்குத் தெரியும். இல்லாத ஒன்றைத் தேட வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த செட்டின் உறைகள் வடிவமைப்பில் இருக்கும் நேரமிது என்று நினைக்கிறேன். அவை அச்சுக்குப் போகுமுன், முகப்பில் காட்டும் ஒவ்வொரு கார்டுக்கும், அந்தந்த விற்பனை வடிவத்துக்குரிய விகிதத்தை உறையிலேயே சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தனிப் பாக்கெட்டில் அந்தக் கார்டு இல்லையென்றால் அதன் படத்தை அந்த உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லையென்றால் பக்கத்திலேயே பூஜ்யம் என்று போடுங்கள். இதைச் செய்வீர்களா, மாட்டீர்களா என்று பொதுவில் பதில் தாருங்கள். முன்பே தட்டச்சு செய்த வரியாக இல்லாமல், கையெழுத்திட்ட பதிலாக இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கார்டுகளை இன்னும் நேசிக்கும் ஒரு சேகரிப்பாளன்