திரும்பி வரும் வழியையும் வரையுங்கள்

சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கணினி விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் தமிழ் இளையர்களுக்கு,

அன்புள்ள தம்பி தங்கைகளே, வணக்கம்.

என் அண்ணன் மகள் உங்கள் துறையில்தான் படிக்கிறாள். அவளுடைய நண்பர்கள் ஏதாவது செய்து முடித்தால், "சித்தப்பாவிடம் கொடு, விளையாடிப் பார்க்கட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி உங்களில் சிலரின் டஞ்சன்களுக்குள், அதாவது அரக்கர்கள் காத்திருக்கும் பாதாளப் புதிர்வழிகளுக்குள், நான் சுற்றியிருக்கிறேன். ஈரச் சுவரில் தீப்பந்த வெளிச்சம் ஆடுவதும், தூரத்தில் சங்கிலி இழுபடும் சத்தமும், என் காலத்தில் ஒரு பெரிய நிறுவனத்தாலும் செய்ய முடியாதவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த டஞ்சன்கள் எதிலும் எனக்குப் பயம் வரவில்லை. கடைசி அறையில் இருக்கும் பெரிய அரக்கனைக் கொன்றதும் தரையில் ஒரு நீல வட்டம் தோன்றுகிறது. அதில் ஏறினால் ஊர் வந்துவிடுகிறது. சில படைப்புகளில் அதுகூட வேண்டாம், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். உள்ளே போகும் வழியை மட்டும் நீங்கள் வடிவமைக்கிறீர்கள். வெளியே வருவது உங்கள் கணக்கிலேயே இல்லை. இதைப் பற்றித்தான் இந்த மடல்.

விஸார்ட்ரி என்ற விளையாட்டின் பெயரை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். 1981-ல் ஆப்பிள் 2 கணினிக்காக வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதியது, சர்-டெக் வெளியிட்டது. கதை இரண்டு வரிதான்: பைத்தியக்கார அரசன் டிரெபாரின் தாயத்தை வெர்ட்னா என்ற மந்திரவாதி திருடிக்கொண்டு பாதாளத்தின் பத்தாம் தளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான், மீட்டு வர வேண்டும். (இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்தால் ராபர்ட்டும் ஆண்ட்ரூவும் வருவார்கள். உங்கள் வயதுக் குறும்பு.) 2024-ல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் இதைப் புதுப்பித்து வெளியிட்டது. அடியில் ஓடுவது பழைய ஆப்பிள் நிரல்தான், மேலே முப்பரிமாணப் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அசல் திரையையும் ஒரு மூலையில் கூடவே பார்க்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் கிரீன்பெர்க் காலமானார்.

புதிய பதிப்பை நிறுவியதும் தானாக வரும் வசதிகளை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்துவிட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு தளம் 20-க்கு 20, அதாவது 400 கட்டம். பத்துத் தளம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். அசல் விளையாட்டு உங்களுக்காக ஒரு கோடுகூட வரைந்து தராது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் இறங்குகிறார்கள். முன்வரிசை மூன்று பேர் வாளால் வெட்டுகிறார்கள், அடியும் வாங்குகிறார்கள். பின்னால் நிற்கும் புது மந்திரவாதியால் இரண்டே இரண்டு முறைதான் மந்திரம் சொல்ல முடியும். எதிரிகளைத் தூங்க வைக்கும் கட்டினோவை இரண்டு முறை சொல்லிவிட்டால் அவர் கூட்டத்தோடு நடந்து வரும் ஆள், அவ்வளவுதான். தீர்ந்த மந்திரம் ஊர் விடுதியில் தங்கினால்தான் திரும்பும். ஆகவே படிக்கட்டிலிருந்து எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கடன். பத்து அடி உள்ளே போனால் பத்து அடி திரும்ப வேண்டும், அந்தப் பத்து அடியிலும் யாராவது எதிரில் வரலாம். கதவை உதைத்துத் திறக்கும்போது "இவர்களை ஜெயிப்பேனா" என்று மட்டும் யோசித்தால் போதாது. ஜெயித்தபின் வீடு போய்ச் சேர மிச்சம் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். என் பயம் முழுக்க அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்து அரக்கர்களின் படத்தைப் பார்த்தால் பூனைக்குட்டிகூடப் பயப்படாது.

இதை அந்த இரண்டு மாணவர்களும் எவ்வளவு தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் என்னை இந்த வயதில் அசரவைத்தது. அவர்கள் வைத்த பொறிகளைப் பாருங்கள். உடம்பைக் காயப்படுத்தும் பொறிகளைவிட, நோட்டில் இருக்கும் வரைபடத்தைக் காயப்படுத்தும் பொறிகளே மோசமானவை. மிதித்தவுடன் சத்தமில்லாமல் வேறு திசைக்குத் திருப்பிவிடும் கட்டங்கள். விளக்கு மந்திரமும் வேலை செய்யாத இருட்டுப் பகுதிகள். ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொரு மூலைக்குத் தூக்கிப் போடும் கட்டங்கள். தளத்தின் விளிம்பைத் தாண்டினால் எதிர் விளிம்பில் முளைப்பீர்கள். முஸ்தபா கடைக்குள் ஒரு வாசலில் நுழைந்து, பற்பசை வாங்கிவிட்டு, வேறு ஏதோ தெருவில் வெளியே வந்து நிற்பவருக்கு இது ஓரளவு புரியும்.

தப்பிக்க வழி தராமலும் இல்லை. டுமாபிக் என்ற மந்திரம் நீங்கள் எந்தக் கட்டத்தில், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று சொல்லும். ஆனால் அது மந்திரக் கையிருப்பிலிருந்து ஒன்றைத் தின்றுவிடும். லோக்டோஃபெயிட் குழுவையே ஊருக்குக் கொண்டுபோய் விடும், அதற்குப் போட்டிருக்கும் கவசம் ஆயுதமெல்லாம் விலை. மலோர் நினைத்த இடத்துக்குத் தாவ வைக்கும், கணக்குத் தப்பிப் பாறைக்குள் போய் விழுந்தால் குழு மொத்தமும் போச்சு. உங்கள் நீல வட்டத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் விலைதான்.

எல்லாரும் செத்துவிட்டால்? பிணங்கள் பாதாளத்திலேயே கிடக்கும். புதிதாக ஆறு பேரைச் சேர்த்து, வளர்த்து, அந்த இடம் வரை நடந்து போய்த் தூக்கி வர வேண்டும். கோயிலில் காசு கட்டினால் உயிர் வரலாம், வராமல் சாம்பலாகலாம், சாம்பலிலிருந்து எழுப்புவதும் தோற்றால் அந்த ஆள் நிரந்தரமாக இல்லை. டார்க் சோல்ஸ் விளையாடிய நீங்கள் செத்த இடத்துக்கு ஓடிப்போய் விட்டதை எடுக்கும்போது படும் பதற்றம் இதற்கு உறவுக்காரன்தான். 2011-ல் வந்த அந்த விளையாட்டில், நெடுநேரம் போராடியபின் ஒரு மின்தூக்கியில் இறங்கினால் தொடங்கிய இடத்து நெருப்பருகே வந்து நிற்பீர்களே, அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? திரும்பும் வழி அதுவரை தூரமாக இருந்ததால் வந்தது.

சரி, பழசையெல்லாம் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்கிறேனா? கிடையாது. விஸார்ட்ரியில் தூக்கி எறிய வேண்டியது நிறைய. அனுபவ நிலை உயரும்போது உடல் வலிமையோ அறிவோ காரணமில்லாமல் குறையும், அது வெறும் எரிச்சல். முதல் சண்டையிலேயே கெட்ட நேரத்தில் ஆறு பேரும் போய்விடலாம், அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ஐந்தாம் தளம் முதல் எட்டாம் தளம் வரை பெரும்பாலும் வீண். நான்காம் தளத்தில் கிடைக்கும் நீல நாடா கையில் இருந்தால் மின்தூக்கியில் ஒன்பதாம் தளம் வரை போய்விடலாம். நான்கு தளங்களைக் கட்டிவிட்டு அவற்றைத் தாண்டிப் போக மின்தூக்கியும் வைத்தவர்களை என்ன சொல்வது.

"இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது, எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் விளையாடுகிறவன் தோபி காட் நிலையத்தில் இறங்க வேண்டுமே" என்று அண்ணன் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் விளையாட்டை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவைப்பது வேறு, ஊருக்குத் தாவுவது வேறு. விஸார்ட்ரியிலேயே பாதாளத்தில் பாதியில் விட்ட குழுவை அடுத்த நாள் தொடரும் வசதி உண்டு. தோபி காட் நிலையத்தில் நிறுத்தட்டும், சாயங்காலம் அதே கட்டத்தில் தொடரட்டும், படிக்கட்டு அதே தூரத்தில் இருக்கட்டும்.

வரைபடமே கூடாது என்றும் சொல்லவில்லை. 1992-ல் வந்த அல்டிமா அண்டர்வேர்ல்ட் என்ற விளையாட்டில் வரைபடம் தானாக வரும், ஆனால் அதன்மேல் நீங்கள் குறிப்பு எழுதலாம். ஜப்பானில் 1985-லிருந்து விஸார்ட்ரியைத் தங்கள் மொழியில் விளையாடி, அதிலிருந்து தங்களுக்கென ஒரு மரபையே வளர்த்தவர்கள், 2007-ல் எட்ரியன் ஒடிஸி என்று ஒன்று செய்தார்கள். அதில் நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத் திரைக் கையடக்கக் கருவியின் கீழ்த்திரையில் விளையாடுபவரே பேனாவால் சுவர் வரைய வேண்டும். கையால் வரைந்த இடம் மனதில் தங்கிவிடுகிறது. திரையின் ஓரத்தில் அம்புக்குறி காட்டிய வழியே நடந்த இடம் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

அடுத்த படைப்புக்கு உட்காரும்போது கணினியைத் திறக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரே ஒரு தளம் வரையுங்கள், 20-க்கு 20 போதும். அதை மறைத்துக்கொண்டு ஒரு நண்பரை வாயாலேயே நடத்துங்கள்: முன்னால் சுவர், இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் இருட்டு. அவர் தன் தாளில் வரைந்துகொண்டே வரட்டும். பாதி வழியில், "இப்போது மந்திரம் தீர்ந்துவிட்டது, படிக்கட்டுக்குத் திரும்பு" என்று சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் அவர் பேனா நிற்கிறது, எங்கே வழி மாறுகிறார், எங்கே உங்களைத் திட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் தயங்காமல் திரும்பிவிட்டால் அந்தத் தளத்தை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். சுவருக்கு ஈரம் பூசுவதெல்லாம் அப்புறம்.

இரண்டு தாளையும், உங்களுடையதையும் அவருடையதையும், அண்ணன் மகளிடம் கொடுத்தனுப்பினால் சந்தோஷமாகப் பார்த்துச் சொல்வேன். நேரில் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை எங்கள் புளோக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கு வாருங்கள், காப்பி என் செலவு.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து ஒரு சித்தப்பா