வினைச்சொல் அட்டவணை மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், 'கோ' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் நிகழ்கால வடிவங்கள் அட்டவணையாக வெளிவந்திருந்தன. 'ஐ', 'யூ', 'வி', 'தே' ஆகியவற்றுக்குப் பின் 'கோ' என்றும், 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றுக்குப் பின் 'கோஸ்' என்றும் வகுத்துக் காட்டிய அந்த அட்டவணையில் பிழையேதும் இல்லை. ஆயினும், அதை மனப்பாடம் செய்த மாணவர் மறுநாளே 'டஸ் ஹி கோஸ்?' என்று தவறாகக் கேட்கக்கூடும்.

போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறது என்று ஒவ்வோர் இடத்துக்கும் வினைமுற்றை மாற்றிப் பேசிப் பழகிய நமக்கு, ஓரிடத்தில் மட்டும் 'ஸ்' சேர்ப்பது அரிய செயலன்று. இடர்ப்பாடு எதிர்மறையிலும் வினாவிலும்தான் தொடங்குகிறது. அங்கே அந்த 'ஸ்' முதன்மை வினையை விட்டு நீங்கித் துணைவினையோடு சேர்ந்து, 'டு' என்பதை 'டஸ்' ஆக்கிவிடுகிறது. 'ஹி கோஸ்', 'ஹி டஸ் நாட் கோ', 'டஸ் ஹி கோ?' என்னும் மூன்றையும் முதல் நாளிலேயே அடுத்தடுத்துச் சொல்லிப் பழகுகிறவருக்கு, ஒரு வாக்கியத்தில் அந்த 'ஸ்' ஒருமுறைதான் வரும் என்பது விதியைக் கூறாமலே விளங்கும்.

மற்றொன்று, 'ஐ கோ' என்பதற்கு எதிரே 'நான் போகிறேன்' என்று மட்டும் பொருள் தந்திருப்பது. நாள்தோறும் போவதையும் இப்போது போய்க்கொண்டிருப்பதையும் நாம் 'போகிறேன்' என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலோ வழக்கமாகப் போவதற்கு 'ஐ கோ', இப்போது போய்க்கொண்டிருப்பதற்கு 'ஐ ஆம் கோயிங்'. இந்த வேறுபாட்டைக் கற்ற பிறகும், 'நோ' (அறி), 'வான்ட்' (விரும்பு) போன்ற வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை என்பதை அறியாமல் 'ஐ ஆம் நோயிங்' என்று எழுதுவோர் பலர். ஆகவே, வெறும் பொருளைத் தருவதைவிட, 'எவ்ரி டே', 'நௌ' போன்ற காலம் காட்டும் சொற்களோடு முழு வாக்கியங்களைத் தருவதே பயன்படும்.

அடுத்து வரும் பாடங்களில் ஒவ்வொரு வினைக்கும் உடன்பாடு, எதிர்மறை, வினா ஆகிய மூன்று வடிவங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதெனில், வாரத்துக்கு ஒரு வினைச்சொல்லாகக் குறைத்துக்கொண்டாலும் தவறில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்