கோர்ட் பேசுற பாஷை வேற, கட்சிக்குக் கேக்குறது வேற

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல அரசியல் சாசன கோர்ட்டுகள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா கோர்ட் அரசியல் பண்ணுதா இல்லையாங்கற ஒரே கேள்வியையே சுத்தி சுத்தி வந்தது எனக்கு சலிப்பா போச்சு. நிக்லாஸ் லூமான்னு ஒரு ஜெர்மன் சமூகவியல்காரர் (1998ல இறந்துட்டாரு, சட்டம் படிச்சு கொஞ்ச காலம் அரசு அதிகாரியாவும் இருந்தவரு) இதை வேற பக்கத்துல இருந்து பாத்தாரு. சட்டம் தனி சிஸ்டம், அரசியல் தனி சிஸ்டம். சட்டத்துக்குத் தெரிஞ்சது சட்டப்படி சரி, சட்டப்படி தப்பு, அவ்ளோதான். அரசியலுக்கு ஆட்சியா எதிர்க்கட்சியா. ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள பூந்து அத நடத்த முடியாது, வெளிய இருந்து உறுத்த மட்டும்தான் முடியும், அந்த உறுத்தலுக்கு என்ன பண்றதுன்னு அந்தந்த சிஸ்டம்தான் முடிவு பண்ணும், ரெண்டும் உரசிக்கிற இடம்தான் அரசியல் சாசனம். இதுல இன்னொண்ணு, பார்லிமென்ட் ஒரு விஷயத்த தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கலாம், கோர்ட்டுக்கு அந்த வசதி கிடையாது, முன்னாடி வந்த வழக்குக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியே ஆகணும். அதனாலதான் லூமான் சட்ட சிஸ்டத்தோட நடுவுல கோர்ட்ட வச்சு, சட்டம் போடுற சபைய ஓரத்துக்குத் தள்ளினாரு.

2023 நவம்பர் 15ல ஜெர்மனியோட அரசியல் சாசன கோர்ட் (கார்ல்ஸ்ரூ ஊர்ல இருக்கு) குடுத்த தீர்ப்பப் பாருங்க. கொரோனாவுக்குன்னு அனுமதி வாங்கி செலவாகாம கிடந்த 6,000 கோடி யூரோ கடன காலநிலை நிதிக்கு அரசாங்கம் மாத்துனது செல்லாதுன்னுட்டாங்க. கோர்ட் பாத்தது கொரோனா அவசரநிலைக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தம் இருக்கா, எந்த வருஷக் கணக்குல வருது, இதத்தான். தலைநகர் பெர்லின்ல, அரசாங்கத்துக்குள்ள, அது பட்ஜெட்ல பெரிய ஓட்டையா, எந்தக் கட்சி எத விட்டுக்குடுக்கணுங்கற சண்டையா மாறி, மறு வருஷம் நவம்பர்ல அப்ப ஆட்சியில இருந்த மூணு கட்சிக் கூட்டணியே உடைஞ்சுது. கோர்ட் ஆட்சியக் கவுத்துச்சுன்னு சொன்னா அது தப்பு. அதே தீர்ப்ப அவங்க ஒண்ணா உக்காந்து சமாளிச்சிருக்கவும் வாய்ப்பு இருந்துச்சே.

ஆனா லூமான முழுசா ஒத்துக்கவும் மனசு வரல. அந்த ஜெர்மன் கோர்ட்டோட 16 ஜட்ஜுகளையும் பார்லிமென்ட்டோட ரெண்டு சபையும் பாதிப் பாதியா தேர்ந்தெடுக்குது, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அதனால எந்தக் கட்சியும் தனியா ஆள் போட முடியல. இந்தப் பூட்டு இல்லாத இடத்துல? போலந்துல 2016 மார்ச் 9ல அரசியல் சாசன தீர்ப்பாயம் குடுத்த தீர்ப்ப அரசாங்கம் கெஜட்ல போடவே மாட்டேன்னுடுச்சு. தீர்ப்பு வெளியவே வராதப்ப எது யார உறுத்தும் சார்? அடுத்த தடவை இதப் பத்தி எழுத வைக்கிறதா இருந்தா, தத்துவத்தக் கொஞ்சம் கொறச்சுட்டு, ஜட்ஜ யார் போடுறா, தீர்ப்ப யார் அச்சடிக்கிறா, இத எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்