இரைப்பூச்சிகளை வளர்த்து விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பண்ணையாளர்களுக்கும், அவர்களிடம் வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் வணக்கம்.

பல்லி, ஓணான், தவளை, பூச்சி தின்னும் பறவை என்று வளர்க்கும் நாங்கள், உங்களிடம் வாங்கும் சுவர்க்கோழிகளையும் டூபியா கரப்பான்களையும் மாவுப்புழுக்களையும் உயிருடன், குடலோடு சேர்த்தே அவற்றுக்கு இரையாகக் கொடுக்கிறோம். அந்தப் பூச்சிகளுக்கு என்ன தீனி போட்டு வளர்த்தீர்கள் என்பதைப் பெட்டியின்மேல் பெருமையுடன் அச்சிடுகிறீர்கள். அவை எதன்மீது, எதற்குள் வாழ்ந்தன என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த வரியைக் கேட்டுத்தான் இம்மடலை எழுதுகிறேன்.

பூச்சிகள் ஏறி ஒளிவதற்காகப் பெட்டிக்குள் நிறுத்திவைக்கிறீர்களே, முட்டை அடுக்கப் பயன்படும் காகிதக் கூழ் அட்டை, சுவர்க்கோழிப் பெட்டியில் ஒரு வாரம் நின்ற அப்படியோர் அட்டையை வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் விளிம்பு ரம்பப் பற்களைப் போலக் கொறிபட்டிருக்கும். பெட்டியின் அடியில், எச்சத்தோடு கலந்து, சாம்பல் நிறக் காகிதத் துகள் படிந்திருக்கும். கொறித்ததில் ஒரு பங்குதான் கீழே விழுந்திருக்கிறது, மற்றது பூச்சியின் குடலில் இருக்கிறது. அன்று மாலையே அந்தப் பூச்சி ஒரு பல்லியின் வாய்க்குள் போகக்கூடும். ஆகவே, பூச்சியால் கடிக்க முடிந்த எந்தப் பொருளையும் தீனியாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூச்சிகளை உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்துவது குறித்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையும், அவற்றால் வரக்கூடிய ஆபத்து வளர்ப்பு முறையையும் அவை தின்ற பொருளையும் பொறுத்தது என்றே கூறியது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது, ஏற்கெனவே முட்டை ஏற்றிப் பயன்பட்ட அட்டைகளைத்தான். குழிகளில் காய்ந்த கோழி எச்சமும், ஒட்டிக்கொண்ட இறகுத் துணுக்கும், உடைந்த முட்டையின் மஞ்சள் கறையும் இருக்கும் அட்டைகளை அடுக்கித்தான் பல இடங்களில் பூச்சி வளர்க்கப்படுகிறது. கோழி எச்சத்தில் இருக்கக்கூடிய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் ஈரத்தில் இருக்கும்போது எளிதில் மடியும் அந்தக் கிருமி, உலர்ந்த நிலையில் அதைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும்; அட்டையோ ஓரளவுக்கு மேல் சூடேறினால் கருகிவிடும். பூச்சியைக் கையால் எடுத்துப் போடும் வளர்ப்பவருக்கும், அவர் வீட்டுக் குழந்தைக்கும் இதே கிருமி ஆபத்தானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கிருமியோடு இது முடிவதில்லை. கோழிக் கொட்டகைகளில் ஈயையும் பேனையும் வண்டையும் ஒழிக்கப் பூச்சிக்கொல்லி தெளிப்பது வழக்கம். 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டுப் பண்ணைகளில் செம்பேனை ஒழிக்கப் பயன்படுத்திய மருந்தில் அனுமதியில்லாத ஃபிப்ரோனில் கலந்திருந்ததால் லட்சக்கணக்கான முட்டைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மிகச் சிறிய அளவிலேயே பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு அது. அப்படியொரு கொட்டகையிலிருந்து வந்த அட்டையைப் பூச்சிக்கு வீடாகக் கொடுப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு தொகுதிப் பூச்சிகளுக்கு வைத்த அட்டையையே அடுத்த தொகுதிக்கும் வைப்பது இன்னொரு வகைத் தீங்கு. சுவர்க்கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் டென்சோ வைரஸ் எளிதில் அழியாதது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அது வட அமெரிக்கப் பண்ணைகளைப் பாழாக்கியதை உங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புதிய அட்டையும் முழுத் தூய்மையானதன்று. மறுசுழற்சிக் காகிதக் கூழில் அச்சு மையின் கனிம எண்ணெய்களும், ரசீதுத் தாளிலிருந்து வரும் பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருளும் தங்கியிருக்கக்கூடும். இருந்தாலும் அச்சும் சாயமும் இல்லாத புதிய அட்டை இன்றைக்கும் ஏற்கத்தக்கது என்றே கருதுகிறேன். பூச்சி ஏறி ஒளிய அவ்வளவு பரப்பைத் தரும் வேறு பொருள் எளிதில் கிடைப்பதில்லை.

தெர்மாகோல் விஷயத்தில் அந்தச் சலுகையை நான் தர மாட்டேன். மாவுப்புழுக்கள் தெர்மாகோலைத் தின்று செரிக்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டு, பெய்ஹாங் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். 100 புழுக்கள் நாளொன்றுக்கு 34 முதல் 39 மில்லிகிராம் வரை தின்றன. சில தெர்மாகோல்களில் தீத்தடுப்பானாகச் சேர்க்கப்பட்ட எச்.பி.சி.டி. என்னும் வேதிப்பொருள் 2013-ல், எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. புழு அதை 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் வெளியேற்றிவிடுகிறது என்று பின்னர் தெரியவந்ததைக் காட்டி, தெர்மாகோல் பெட்டியில் புழு வளர்ப்பதில் தவறில்லை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த புழுவை உடனே பல்லிக்குப் போடும் எங்களுக்கு அந்த 48 மணி நேரம் எங்கே கிடைக்கிறது?

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிளாஸ்டிக் வலையைச் சுவர்க்கோழி கடித்துத் துளையிடும் என்பதால் மூடிக்குத் துருப்பிடிக்காத எஃகு வலையே நல்லது. பெட்டிக்கு, வழுவழுப்பான பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் போதும். பூஞ்சைத் தடுப்பு சேர்த்த குளியலறை சிலிக்கோன் பசையும், கரையான் மருந்தேற்றிய மரமும், தேவதாரு மரத்தூளும் பூச்சியின் அருகில்கூட வரக்கூடாது. பூச்சிகள் முட்டையிடுவதற்காக வைக்கும் தென்னை நார்த்தூளில் உரமோ பூச்சி மருந்தோ கலந்திருக்கக்கூடாது.

உங்களிடம் நான் கேட்பவை நடைமுறைக்கு ஒவ்வாதவை அல்ல. முட்டை ஏற்றிய அட்டைகளை வாங்குவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் புது அட்டை வையுங்கள். வளர்ப்புக் கூடத்திலும் அட்டைகளைச் சேமிக்கும் அறையிலும் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். தீனியின் பெயருக்குக் கீழே, பூச்சிகள் வாழ்ந்த அட்டை, பெட்டி, படுக்கை ஆகியவை என்ன பொருளால் ஆனவை என்பதை அச்சிடுங்கள். புது அட்டையால் விலை சற்றுக் கூடுமானால், அந்தக் கூடுதல் விலையைத் தர நான் அணியமாக இருக்கிறேன். எங்களில் பலரும் அப்படியே இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களுள் ஒருவர்